ஓடாத பெரிய முள்

டேய், உன் கைக்கடிகாரம் இன்று காலை என் ரிப்பேர் கடைக்கு வந்தது. நீ போன பிறகு உன் மனைவி கடைக்கு வருவது இதுதான் முதல் தடவை. முந்தானையில் முடிந்து கொண்டுவந்திருந்தாள். தோல் வாரில் உன் வியர்வை வாடை அப்படியே இருந்தது. எனக்குக் கண்ணீர் கண்ணை மறைத்துவிட்டது.

சிங்கப்பூரிலிருந்து உன் மைத்துனர் அனுப்பிய, நேரத்தை அளக்கும் குரோனோகிராப். கறுப்பு முகப்பு, அதற்குள் மூன்று குட்டி வட்டங்கள், பக்கவாட்டில் இரண்டு பொத்தான்கள். மேல் பொத்தானை அமுக்கினால் பெரிய விநாடி முள் கிளம்பும். மறுபடி அமுக்கினால் நிற்கும். கீழ்ப் பொத்தானை அமுக்கினால், உள்ளே இதய வடிவத் தகட்டின்மேல் சுத்தி ஒன்று விழுந்து, முள் ஒரே துள்ளலில் பன்னிரண்டுக்குத் திரும்பிவிடும். பந்தயக் கார் ஓட்டுபவனுக்காகச் செய்த சாமான், பிள்ளையார்பாளையத்தில் தறி நெய்கிறவனிடம் வந்து மாட்டிக்கொண்டது! வாரின் கொக்கி பட்டு இழையை இழுத்துவிடும் என்று தறியில் உட்காரும்போது கழற்றி வைப்பாய். எழுந்ததும் அளக்க ஆரம்பித்துவிடுவாய். வாலாஜாபாத் பஸ் ஒரு மைல்கல்லைத் தாண்டி அடுத்ததைத் தொடும் நேரம், தேர் மூலை திரும்பும் நேரம், நான் ஒரு டீ குடிக்கும் நேரம். "இன்னாடா, டீ குடிக்கிறியா, தவம் பண்றியா?" என்பாய்.

"பெரிய முள்ளு ஓடலண்ணா," என்றாள். "தினம் சாவி குடுத்துக்கினுதான் இருக்கிறேன். மணி சரியா காட்டுது, அது மட்டும் அசையல."

பிறகு தானாகவே சொன்னாள். "அன்னிக்கு மாரு வலிக்குதுன்னாரு. வண்டி கூட்டியாரேன்னு ஓடினேன். திரும்பி வந்தப்போ வாட்ச்சு மேல விரல வெச்சாரு. 'இவ்ளோ நேரமா'ன்னு கேட்டுட்டுப் போயிட்டாருண்ணா." இத்தனை நாளும் இதை நெஞ்சில் வைத்துக்கொண்டுதான் சாவி கொடுத்திருக்கிறாள், பாவம்.

முகப்பைப் பார்த்தேன். சாவி தீர்ந்து நின்ற முள் என்றால் அவள் திருகியதும் ஓடியிருக்கும். இது அமுக்கி நிறுத்தியது. அது ஓடிய நிமிடங்களை எண்ணும் குட்டி வட்டத்தின் முள் பதினொன்றில் நின்றிருந்தது. அந்த வலியிலும் உன் புத்தி உன்னை விட்டுப் போகவில்லையடா.

"அவன் உன்னக் கொற சொல்லலம்மா. நீ ஓடினப்போ அமுக்கியிருக்கிறான், வந்ததும் நிறுத்தியிருக்கிறான். பதினோரு நிமிஷம்தான். அந்தத் தெருவுக்கு இத விட சீக்கிரமா யாராலயும் வண்டி கூட்டியார முடியாது."

வாட்ச்சை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். அழுது முடித்து, "கீழ்ப் பொத்தான யாரும் தொட வேணாண்ணா," என்று மறுபடி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

அவள் மனம் இனி ஆறிவிடும். எனக்குத்தான் ஆறவில்லை. அவள் வந்தபோது நீ கண் திறந்து பார்த்தாய். சேதி கேட்டு, செவிலிமேட்டுக் கடையிலிருந்து நான் சைக்கிளை மிதித்து வந்து சேர்ந்தபோது உன்னைக் குளிப்பாட்டி மாலை போட்டிருந்தார்கள்.