எலிக் குரலுக்கு வந்த காட்டுப்பூனை

தை 20, இரவு

என் நான்கு கோழிகளைத் தூக்கிப்போன காட்டுப்பூனையைக் கூப்பிட்டே பிடித்துத் தருகிறேன் என்று பக்கத்து வயல் செல்வம் அண்ணன் சொன்னபோது நான் நம்பவில்லை. இன்று விடிந்ததும் வலையோடு வரப்பில் உட்கார்ந்தோம். அவர் புறங்கையில் உதட்டை வைத்து உறிஞ்சினார். அடிபட்ட எலி கத்துவது போலவே இருந்தது.

"அசையாதம்மா. எதிர்க்க கரும்புக்குள்ளேருந்துதான் வரும்."

வந்ததோ எங்கள் பின்னாலிருந்து. திரும்பினால், ஐந்தடி தூரத்தில் உட்கார்ந்து அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தது. வயிற்றில் பால்காம்புகள் தொங்கின. அவர் வலையைத் தூக்கினார். நான் தடுத்துவிட்டேன்.

"ஏம்மா, கோழியெல்லாம் போகட்டுங்கிறியா?"

"குட்டி போட்டிருக்கு அண்ணே. கோழியை நான் கூண்டுல அடைச்சுக்கிறேன்."

நாங்கள் பேசி முடிக்கும்வரை அங்கேயே இருந்துவிட்டு, அது அவசரமே இல்லாமல் எழுந்து போனது. எலி இல்லையென்று தெரிந்த பிறகும் ஏன் அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தது? அதை நினைத்தால்தான் தூக்கம் வரமாட்டேன் என்கிறது.