எட்டாங்கட்டைக்குப் போகாத லைன்

7/7 திங்கள்

வெயில். கூடவே புகைமூட்டம். காலை பத்து மணிக்கும் குனோங் ராபாட் மலைகள் கண்ணுக்குத் தெரியவில்லை. மூன்று வீட்டுக்கு ஃபைபர் இன்டர்நெட் லைன் இழுத்தாயிற்று. மூன்றாவது வீட்டு அக்கா, "வைஃபை பாஸ்வேர்ட நீங்களே ஒண்ணு வெச்சிட்டுப் போங்க" என்றார். எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள்.

மதியம் ஜமால் அண்ணனின் சாப்பாட்டுக் கடை. மாடி அறை காலி. அரிசி மூட்டைகளைக் கீழே இறக்கிவிட்டார். இரும்பு ராக் நான்கு. ஏர்கான் ஓடுகிறது. கடையின் லைன் நானே போட்டது, நல்ல வேகம்.

திட்டத்தை மறுபடி எழுதுகிறேன், கிறுக்கல் இல்லாமல்:

– எல்லோரும் காத்திருக்கும் அந்தப் புது கேம் வெளிவருவது செப்டம்பர் கடைசியில். டிஸ்க் கிடையாது, டவுன்லோட் மட்டும். 150 ஜிபிக்கு மேல் என்று பேச்சு.
– ஒரு வாரம் முன்பே இறக்கி வைத்துக்கொள்ளலாம். அந்த நாள் வந்ததும் திறக்கும். திறக்க மட்டும் கொஞ்சம் டேட்டா போதும்.
– பழைய தோட்டங்களில் ஃபைபர் இல்லை. கைப்பேசி டேட்டாவில் 150 ஜிபி நடக்காத காரியம்.
– ஆகவே உன் கன்சோலை (கேம் பெட்டியை) எங்களிடம் கொடு. மாடியில் வைத்து இறக்குவோம். முதல் நாளே வீட்டில் கொண்டுவந்து கொடுப்போம். டோபிக்குத் துணி போடுவது மாதிரி, கூலிக்கு.
– இதுவரை 31 கன்சோல். அதில் எட்டாங்கட்டை மட்டும் 19.
– ஓடினால் வேலையை விடுவேன். 27 வயது. நாற்பதிலும் கம்பத்தில் ஏற முடியாது.

எட்டாங்கட்டை நான் பிறந்த தோட்டம். ரப்பரை வெட்டிச் செம்பனை வைத்தார்கள். பழைய லய வீடுகளை இடித்து நாற்பது தரை வீடு கட்டிக் கொடுத்தார்கள். நாங்கள் ஈப்போவுக்கு வந்து ஒன்பது வருடம். அங்கே ஆள் சேர்த்தது கலை அக்கா. எங்கள் பழைய பக்கத்து வீடு. வீடு வீடாகப் போய் 19 பேரையும் எழுதி வாங்கினார். நான் கேட்கக்கூட இல்லை.

ஜமால் அண்ணன்: "தம்பி, அந்த கேமுல என்னாதான் பண்ணுவானுங்க?"

"கார் திருடுவாங்க. சுடுவாங்க. போலீசு தொரத்தும், ஓடுவாங்க."

"அதுக்கு எதுக்கு நூத்தம்பது ஜிபி? பஸ் ஸ்டேஷன் பக்கம் நின்னா சும்மாவே பாக்கலாமே லா."

சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

8/7 செவ்வாய்

புகை குறைவு. விடுப்பு. மாடியில் ஒத்திகை.

எட்டாங்கட்டை லோகன் (லோரி டிரைவர்) தன் கன்சோலைக் கொடுத்திருந்தார். பழைய கேம் ஒன்றை இறக்கிப் பார்த்தேன். வேகம் பிரச்சினை இல்லை. பிரச்சினை அந்த ஆறு எண். கணக்கில் நுழையும்போதெல்லாம் சொந்தக்காரர் கைப்பேசிக்கு ஆறு எண் வருகிறது. சில நிமிடத்தில் செத்துவிடும். எட்டாங்கட்டையில் சிக்னல் கிடைப்பது பந்துத் திடலில், அதிலும் ஒரு பக்கத்து கோல் கம்பத்தடியில் மட்டும். லோகன் கைப்பேசியை வாங்கிக்கொண்டு கலை அக்கா அங்கே நின்றார். தன் கைப்பேசியில் என்னிடம் பேசினார்.

"வந்திருச்சு தம்பி! நாலு, ஏழு, ஏழு… இரு, மாடு வருது."

"அக்கா, நம்பரச் சொல்லுங்க மொதல்ல."

"மாட்ட வெரட்டிட்டுச் சொல்றேன் லா. முட்டுனா நீயா வருவ?"

மூன்றாவது முறைதான் நுழைந்தது. குறிப்பு: அந்த வாரத்தில் 19 பேரையும் நேரம் போட்டுக் கோல் கம்பத்தடிக்கு வரவழைக்க வேண்டும். மாட்டுக்காரரிடமும் சொல்ல வேண்டும்.

ஃபோனை வைப்பதற்கு முன் அக்கா சொன்னது: வேலை கிடைத்துவிட்டதாம். கோலாலம்பூர் கிளினிக் ஒன்று. நோயாளிகளின் அழைப்பை வீட்டிலிருந்தே எடுத்து நேரம் குறித்துக் கொடுக்கும் வேலை. ஆனால் வீட்டில் ஃபைபர் லைன் இருக்க வேண்டும். கைப்பேசி டேட்டாவை ஏற்க மாட்டார்கள். லைன் வருகிறது என்று இந்த மாதக் கடைசிக்குள் ஒரு கடிதமாவது காட்டச் சொல்கிறார்கள்.

முனியாண்டி அண்ணன் (அவர் கணவர்) இடுப்பு உடைந்து படுத்து இரண்டு வருடம். செம்பனைக் குலை ஏற்றும்போது லோரி பின்னால் வந்தது. அவரைத் தனியே விட்டுவிட்டு அக்கா வெளி வேலைக்குப் போக முடியாது. வேறு வழி அவர்களுக்கு இல்லை.

"ஒங்க ஆபீசுல கேட்டுப் பாரேன் தம்பி."

கேட்கிறேன் என்றேன். கேட்கவில்லை.

10/7 வியாழன்

மாலை மழை. பூட்ஸ் ஈரம்.

கேட்காமலே வந்தது. சூப்பர்வைசர் அஸ்மி பட்டியலைக் கொடுத்தார். ஆறு கிராமப்புற இடங்கள். சிக்கல் இல்லாத இடத்துக்கு முதலில் லைன். எட்டு வாரத்தில் முடிக்க வேண்டும். நான்காவது இடம்: எட்டாங்கட்டை, 40 வீடு. சர்வே என் பெயரில்.

"அந்தப் பக்கம் உனக்குத் தெரியும்தானே?" என்று மலாயில் கேட்டார்.

தெரியும்.

எட்டு வாரம் என்றால் செப்டம்பர் முதல் பாதி. கேமுக்கு முன்னால். 31இல் 19 போனால் மிச்சம் 12. அதற்கு மாடி தேவையில்லை, என் படுக்கையறை போதும்.

ஜமால் அண்ணனிடம் சொல்லவில்லை. ரொட்டி சானாய் இரண்டு. பாதியில் வைத்துவிட்டேன்.

12/7 சனி

எட்டாங்கட்டை. காலை ஒன்பது முதல் பன்னிரண்டு. வெயில்.

பெரிய சாலைச் சந்திப்பில் நம் கேபிள் நிற்கிறது. அங்கிருந்து 1.8 கி.மீ. கம்பங்கள் நன்றாக இருக்கின்றன, இரண்டு மட்டும் சாய்வு. நாள் கணக்கில் முடிகிற வேலை. எங்கேயும் சிக்கல் இல்லை.

ஒரே இடம்: சர்வே ஃபாரத்தில் "நில உரிமை". கம்பெனி மேப் பழையது. சந்திப்பிலிருந்து உள்ளே போகும் சாலை இன்னும் தோட்டக் கம்பெனிக்குச் சொந்தம் என்று போட்டிருக்கிறது. தனியார் சாலை என்றால் அனுமதிக் கடிதம் வேண்டும், வரிசையில் கடைசிக்குப் போய்விடும். ஆனால் நான் பள்ளியில் மூன்றாம் படிவம் படித்தபோதே சாலையை ஊராட்சி மன்றம் எடுத்துக்கொண்டது. மன்றத்தின் பெயர்ப்பலகை வளைவில் நிற்கிறது. மன்றத்துக் குப்பை லோரி உள்ளே வந்து போகிறது. டெப்போவில் இது வேறு யாருக்கும் தெரியாது. மேப்பை நம்புவார்கள். நம்பினால் அவர்கள் மேல் தப்பில்லை.

ஃபாரத்துக்கு ஆறு படம் வேண்டும். ஆறும் எடுத்தேன். பலகை எதிலும் இல்லை. தற்செயல் கிடையாது. வளைவில் இரண்டு அடி இடப்பக்கம் தள்ளி நின்று எடுத்தேன்.

கலை அக்கா குடையோடு வந்தார். அளக்கும் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு நான் முன்னால், குடை பிடித்துக்கொண்டு அவர் பின்னால்.

"தம்பி, லைன் வந்துட்டா ஒன் யாவாரம் என்னாவும்? எல்லாம் வூட்டுலயே எறக்கிக்குவாங்களே."

"பாத்துக்கலாம்க்கா."

"வேற தோட்டத்துக்கு நான் போய்ப் பேரு எழுதித் தரேன். அந்தப் பக்கம் என் நாத்தனா இருக்கா. நீ கவலப்படாத."

வீட்டுக்குள்ளிருந்து முனியாண்டி அண்ணன் குரல்: "யாரு, நம்ம டெக்னீசனா? கம்பத்துல ஏறுறவனுக்கு வூட்டுப் படி ஏறத் தெரியாதா?"

உள்ளே போனேன். கட்டில், மின்விசிறி, டிவி. அக்கா தலைக்கு மாட்டும் ஹெட்போன் ஒன்று வாங்கி வைத்திருக்கிறார். பெட்டி இன்னும் பிரிக்கவில்லை.

"இவ எடுத்து மாட்டுனா பைலட்டு மாதிரி இருப்பா. நான் பயணி. எந்திரிக்கவே விட மாட்டா" என்றார் அண்ணன்.

தேநீர் கொடுத்தார்கள். குடித்தேன்.

14/7 திங்கள்

நில உரிமை: தனியார் (மேப்பின்படி). அனுமதி தேவை.

8.40க்கு அனுப்பினேன். "மேப்பின்படி" என்பது பொய் இல்லை. மேப்பில் அப்படித்தான் இருக்கிறது.

அனுப்பிய பிறகு என்னவோ வரும் என்று காத்திருந்தேன். பயம், குற்ற உணர்ச்சி, ஏதாவது. வரவில்லை. காலைச் சாப்பாட்டுக்கு நாசி லெமாக் வாங்கினேன். மோட்டார் டயருக்குக் காற்று அடித்தேன். இரண்டு வீட்டுக்கு லைன் போட்டேன். ஒரு வீட்டில் நாயைக் கட்டிவைக்கவில்லை.

16/7 புதன்

மேகம். மழை இல்லை.

கேம் தள்ளிப்போயிற்று. அடுத்த வருடம். மாதம் சொல்லவில்லை.

மதியம் ஜமால் அண்ணன் கடையில் பார்த்தேன். பக்கத்து மேசையில் இரண்டு பேர் கைப்பேசியைக் காட்டிக் காட்டிக் கெட்ட வார்த்தை பேசிக்கொண்டிருந்தார்கள். எட்டிப் பார்த்தேன். அறிக்கை பத்து வரி. இன்னும் மெருகேற்ற வேண்டுமாம், நம் பொறுமைக்கு நன்றியாம்.

ஜமால் அண்ணன் கல்லாவில் இருந்தே: "கல்யாணத்தத் தள்ளி வெச்சாக்கூட பொண்ணு வூட்டுல ஒரு காரணம் சொல்லுவான். இவனுங்க பாலிஷ் போடறானுங்களாம். என்னா, கார் கழுவுற கடையா?"

பிறகு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். குரலை இறக்கினார். "தம்பி, மாடிய டியூசனுக்குக் கேக்குறாங்க. ஒனக்கு ஒண்ணும் இல்லியே?"

"இல்லண்ணே."

"ராக்க என்னா செய்யலாம்?"

"மசாலா டின் வைங்க."

"கோவமா?"

இல்லை. கோபம் இருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும். ஒரு கணக்குதான் ஓடியது: 40 வீடு, 8 வாரம், எல்லாம் எதற்கு? பால் விடாத தே ஓ ஐஸ் குடித்துவிட்டு அடுத்த வீட்டு வேலைக்குப் போனேன்.

18/7 வெள்ளி

காலை டெப்போவில் அஸ்மியிடம் போனேன். எட்டாங்கட்டை அறிக்கை தவறு, சாலை மன்றத்துடையது என்றேன். நேற்று மாலை எடுத்த பலகைப் படத்தைக் காட்டினேன்.

பெரிதாக்கிப் பார்த்தார். "எப்போது தெரிந்தது?"

"பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே."

கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. பட்டியல் புதன்கிழமையே மேலே போய்விட்டது. நம் இடத்தைப் பாரிட் புந்தார் பக்கம் ஒரு கிராமத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். அங்கேயும் ஆட்கள்தான் இருக்கிறார்கள், பிடுங்கித் தர முடியாது என்றார். திருத்தம் போடலாம், அடுத்த பட்டியலுக்கு. அது எப்போது என்று அவருக்கே தெரியாது.

திருத்தத்தில் என்ன காரணம் எழுதுவது என்று கேட்டார். "சர்வே செய்தவர் தெரிந்தே தவறாக எழுதினார்" என்று எழுதச் சொன்னேன். அவர் எழுதவில்லை, என்னிடம் கீபோர்டைத் தள்ளினார். நானே தட்டினேன். எச்சரிக்கைக் கடிதம் வரும். சர்வே வேலை இனி கிடையாது.

மதியம் கலை அக்காவிடமிருந்து குரல் பதிவு. கோல் கம்பத்தடியிலிருந்து, பின்னால் பிள்ளைகள் பந்து விளையாடும் சத்தம். "தம்பி, லைன் கடுதாசி எப்ப கெடைக்கும்னு கேட்டுச் சொல்றியா? கிளினிக்குல திருப்பிக் கேட்டாங்க. அவசரம் இல்ல, வேல முடிஞ்சு சொல்லு."

பதில் போடவில்லை. நேரில் சொல்ல வேண்டும்.

20/7 ஞாயிறு

மழை விட்டபின் கிளம்பினேன். பதினொரு மணி வாக்கில் எட்டாங்கட்டை.

அக்கா கட்டில் விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தார். அண்ணனை ஒரு பக்கம் புரட்டிப் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். விரித்து முடித்ததும் சொன்னேன்.

"அக்கா, லைன் வராது. தனியார் ரோடுன்னு நான்தான் எழுதி அனுப்புனேன். தெரிஞ்சே எழுதுனேன்."

பழைய விரிப்பை நான்காக மடித்தார். பிறகு எட்டாக.

"கேமுக்காவா?"

"ஆமா."

"அதத்தான் தள்ளி வெச்சிட்டானுங்களாமே. லோகன் சொன்னான்."

"ஆமா."

முனியாண்டி அண்ணன் ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். டிவி ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினார். சமையல் நிகழ்ச்சி.

திருத்தம் போட்டிருக்கிறேன், அடுத்த பட்டியலில் வரலாம் என்றேன். அக்கா அதைக் கேட்ட மாதிரி தெரியவில்லை. ஹெட்போன் பெட்டி டிவி மேல்தான் இருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

"மத்தவங்களுக்கு யாரு சொல்றது?" என்றார்.

மடித்த விரிப்பைக் கூடையில் போட்டார்.

"ஒன் பொட்டிக்குப் பேரு எழுத நான் போனேன். இதுக்கும் நானே போவேன்னு நெனைக்காத. நீ போ. பத்தொம்பது வூடு இல்ல. நாப்பதும்."

போனேன்.

முதல் வீடு லோகன். கேட்டுவிட்டு, "ஒனக்கு அந்தக் கன்சோலக் குடுத்தேன் பாரு, என்னச் சொல்லணும்" என்றார். கேட்டைச் சாத்திவிட்டார். இரண்டாவது வீட்டில் ஆள் இல்லை, மறுபடி வர வேண்டும். மூன்றாவது வீட்டில் இருந்தவன் என் வயதுக்காரன், என்னோடு படித்தவன்: "அது கெடக்கட்டும் மச்சான், கேமு எப்பத்தான் வருது?" நான்காவது வீட்டில் புரியவில்லை, இரண்டு முறை சொன்னேன். இரண்டாவது முறை சொல்லும்போது முதல் முறையைவிடச் சுலபமாக இருந்தது. அது பிடிக்கவில்லை. ஐந்தாவது வீட்டுப் பெண்மணி அழுதார், மகளின் ஆன்லைன் படிப்புக்காம். எனக்குத் தெரியாது. ஆறாவது வீட்டுக்காரர் என் அப்பா பெயரைச் சொல்லித் திட்டினார். கேட்டுக்கொண்டேன்.

ஏழாவது, ரெங்கசாமி மாமா. தனி ஆள், மகன் சிங்கப்பூரில். கன்சோல் கிடையாது, பட்டியலிலும் கிடையாது. நான் வாயைத் திறப்பதற்குள் கதவை முழுசாகத் திறந்துவிட்டார்.

"வா வா. ஷூவக் கழட்டாத, பரவால்ல. மோடம் பொட்டி டிவி பக்கத்துலதானே வெக்கணும்? அத்தை படத்தக்கூட அந்தாண்ட மாத்திட்டேன். பாரு, எடம் போதுமா?"