நாய்க் கழுத்தில் பூமாவின் பட்டை

என் வீட்டுக்காரருக்கு, பத்தகோனியா விலங்கு ஆய்வு முகாம் அடுப்படியிலிருந்து தோமித்திலா. உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? எனக்குச் சுகம்தான்.

ஒன்று சொல்கிறேன், பதறாதீர்கள். மலைச்சிங்கமான பூமாவே அற்றுப்போன இந்தப் பக்கம் திரும்பி வந்த முதல் பெண் பூமாவுக்கு நம் பேத்தி மைலேன் ரேடியோ பட்டை கட்டினாள் அல்லவா? எவ்வளவு பெருமைப்பட்டேன்! சிக்னலைத் தேடிப் போனால், பட்டை ஆட்டுப் பண்ணையில் மேய்ப்பனாக இருக்கும் நம் மகன் நொல்பெர்த்தோவின் நாய்க் கழுத்தில் இருந்ததாம். பூமாவைக் கொன்று, அதன் தோலை முதலாளி பார்க்கட்டும் என்று நரித்தோலைப் போல வேலியில் தொங்கவிட்டிருக்கிறான்.

“நல்ல வாரு, வீணாக்குவானேன்னு நாய்க்குக் கட்டினேன். ஆடு செத்தா என் வேலை போயிடும்டி. சித்தப்பனையே காட்டிக்கொடுப்பியா?” என்றானாம்.

மைலேன் அழுதுகொண்டே போலீசில் சொல்லிவிட்டாள். அநாதையான பூமாக் குட்டிகளைப் பனியில் தேடுகிறாள், சாப்பாடே இறங்கவில்லை. அவள் விரும்பித் தின்னும் நம் ஊர்க் காய்ந்த சிப்பிச் சரம் அனுப்புங்கள்.

கடிதம் கொண்டுபோகும் வண்டிக்காரன் கூப்பிடுகிறான். போலீசில் சொல்லச் சொன்னது நான்தான். நொல்பெர்த்தோவுக்குத் தெரிய வேண்டாம்.