முந்திரிக் கொட்டகைக் களிம்பு

2007 ஜூலை 3, செவ்வாய்

இன்று எனக்கு வேலை இல்லை. நேற்றோடு பதினோரு மாத ஒப்பந்தம் முடிந்தது. நாளை காலை அடுத்த பதினோரு மாதம் தொடங்கும். நடுவில் ஒரு நாள் நான் மருத்துவக் கல்லூரி ஆளே இல்லை என்று காகிதத்தில் இருக்க வேண்டும். தொடர்ச்சியாக வேலை பார்த்துவிட்டால் நிரந்தரம் கேட்டுவிடுவேனாம். இது ஆறாவது முறை.

ஆனாலும் கடலூரிலிருந்து பஸ் ஏறிச் சிதம்பரம் போனேன். ஃப்ரிட்ஜில் இருக்கும் களிம்புக்கு ஒப்பந்தமெல்லாம் தெரியாது. கரண்ட் போனால் ஜெனரேட்டர் போடச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். வாசலில் வாட்ச்மேன், "இன்னிக்கு ஒங்களுக்கு லீவுன்னாங்களே மேடம்" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

டெல்லியிலிருந்து ஆராய்ச்சிப் பணம் வந்துவிட்டது, இரண்டு வருடத்துக்கு. சந்தோஷப்பட வேண்டிய நாள்தான். நாற்பது பக்க விண்ணப்பம், முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை நான் எழுதியது. முந்திரி உடைப்பவர்களின் கைப்புண்ணுக்கான இந்தக் களிம்பு என் பிஎச்.டி.யில் பிறந்தது. ஆனால் தலைமை ஆய்வாளர் டாக்டர் ராஜாமணி, தோல் நோய்த் துறைத் தலைவர். ஒப்பந்த ஆள் தலைமை ஆய்வாளராக முடியாது, விதி அப்படி.

சார் கெட்டவர் இல்லை. "ரிசல்ட் மட்டும் நல்லா வரட்டும்மா. அதக் காட்டி ஒனக்கு ஒரு பர்மனென்ட் போஸ்ட் வாங்கித் தர்றது என் பொறுப்பு. அடுத்த புராஜெக்ட்ல நீயே ஹெட்" என்றார்.

எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். என் ஆராய்ச்சியின் மேல் என் பெயர். பேராசையா?

2007 செப்டம்பர் 19

பண்ருட்டிக்கு மேற்கே நான்கு முந்திரிக் கொட்டகைகள். அறுபத்து நான்கு பெண்கள். வறுத்த கொட்டையை உடைக்கும்போது தோட்டிலிருந்து வரும் எண்ணெய் கையை வேகவைத்துவிடுகிறது. சாம்பலைத் தொட்டுக்கொண்டு உடைக்கிறார்கள். சிலர் விளக்கெண்ணெய் தடவுகிறார்கள். எதுவும் பெரிதாக உதவுவதில்லை. சோறு பிசைந்தால் எரிகிறது என்று கரண்டியால் சாப்பிடுகிறார்கள்.

ஒவ்வொரு கொட்டகையிலும் பாதிப் பேருக்கு என் களிம்பு. மீதிப் பேருக்கு மருந்து சேர்க்காத வெறும் மெழுகு. டியூப் ஒன்றுபோல, நிறம் ஒன்றுபோல, வாசனை ஒன்றுபோல. மேலே எண் மட்டும். யாருக்கு எது என்று எனக்கும் தெரியாது. கடைசி நாள் வரை தெரியவும் கூடாது.

ரத்தினம்மாள் என்கிற அம்மாதான் முதல் கொட்டகையில் பெரிய ஆள். ஐம்பது வயது இருக்கும். என்னை டாக்டரம்மா என்கிறாள். நான் அந்த டாக்டர் இல்லை, படிப்பு டாக்டர் என்று விளக்கினேன். "எதுவானா என்னா, மருந்து குடுக்கறல்ல" என்றாள்.

2008 பிப்ரவரி 11

மாதம் இரண்டு முறை போகிறேன். கையைப் படம் எடுக்கிறேன், புண்ணை அளக்கிறேன், டியூபை நிறுத்துப் பார்க்கிறேன். எல்லோரும் ஒழுங்காகப் போடுகிறார்கள். இத்தனை ஒழுங்கை நான் எங்கேயும் பார்த்ததில்லை. "அவுங்கவுங்க டியூப்தான?" என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறேன். எல்லோரும் ஒரே குரலில் ஆமாம் என்கிறார்கள்.

2008 ஜூன் 4

ஒரு நாள் வீடு. இந்த முறை நிஜமாகவே வீட்டில் இருந்தேன். துணி துவைத்தேன்.

2008 நவம்பர் 29

மூன்று நாளாக மழை. சிதம்பரம் ரோடு தண்ணீருக்குள். களிம்பு என்ன ஆயிற்றோ.

2009 பிப்ரவரி 10, செவ்வாய்

இன்று டியூப் எண்களைப் பிரித்து, யாருக்கு மருந்து, யாருக்கு மெழுகு என்று பார்த்தோம்.

வித்தியாசம் இல்லை. களிம்பு போட்டவர்களுக்கும் மெழுகு போட்டவர்களுக்கும் ஒரே மாதிரி. இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் ஆறியிருக்கிறது. அவ்வளவுதான். கணக்கு போடும் பெண் மூன்று முறை போட்டுவிட்டு, "ஸாரி மேடம்" என்றாள். அவள் என்ன செய்வாள்?

பதினோரு வருட உழைப்பு. லேபில் அத்தனை நன்றாக வேலை செய்த மருந்து மனுஷத் தோலில் ஒன்றுமே செய்யவில்லையா? நான்தான் முட்டாளா? வீட்டுக்காரர் சேரனிடம் சொன்னபோது சாப்பிட்டுவிட்டுப் பேசலாம் என்றார். அவர் மின்வாரியத்தில் இருக்கிறார். அவருக்கு லைன் ஓடுகிறது, ஓடவில்லை, இரண்டே பதில்தான். சாப்பிட முடியவில்லை.

2009 பிப்ரவரி 12, வியாழன்

ரத்தினம்மாளின் கொட்டகைக்குப் போனேன். நன்றி சொல்லி முடித்துவிட்டு வரலாம் என்றுதான் போனேன். சொல்லாமல் போனது இதுதான் முதல் தடவை.

சாம்பல் கிண்ணத்துக்குப் பக்கத்தில் ஒரு டால்டா டப்பா. நிறைய என் களிம்பு. பதினாறு பேரும் அதிலிருந்து விரலால் வழித்து எடுத்துத் தடவிக்கொண்டிருந்தார்கள்.

இது என்ன என்று கேட்டேன். ரத்தினம்மாள் மறைக்கவில்லை. ஒரு நல்ல காரியத்தைச் சொல்வதுபோலத்தான் சொன்னாள்.

"மொத மாசமே தெரிஞ்சிபோச்சி டாக்டரம்மா. பக்கத்துல ஒக்கார்ற தங்கம்மாளுக்கு ஆறுது, எனக்கு ஆறல. பாவம், இந்தப் பொண்ணு மருந்து கலக்கறதுல என்னமோ தப்பு பண்ணுது, மேல இருக்கறவங்களுக்குத் தெரிஞ்சா வேலையப் புடுங்கிடுவாங்கன்னு நெனச்சோம். எல்லாத்தையும் ஒண்ணாக் கொட்டிப் பெசஞ்சி பங்கு வச்சிட்டோம். மத்த கொட்டாய்க்கும் நான்தான் சொல்லி அனுப்பனேன். நீ கேட்டா அவுங்கவுங்க டியூபுதான்னு சொல்லணும்னு வெவரமா சொல்லி வச்சேன்."

என் வேலையைக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

கத்தலாம் போலிருந்தது. சிரிப்பும் வந்தது. டீ கொடுத்தார்கள், குடித்தேன். பஸ்ஸில் வரும்போதுதான் அழுகை வந்தது, பக்கத்து சீட்டுப் பெண் ஜன்னலைத் திறந்துவிட்டாள்.

யாரைக் குற்றம் சொல்வது? ஒரே கொட்டகையில், ஒரே வட்டத்தில் உட்கார்ந்து உடைக்கிறவர்கள். ஒருத்திக்கு மருந்து, அடுத்தவளுக்கு மெழுகு என்று கொடுத்தவள் நான். பக்கத்தில் இருப்பவள் கை வெந்துபோக, தன் கைக்கு மட்டும் தடவிக்கொள்வார்கள் என்று நான் எப்படி நினைத்தேன்? இந்த ஊர்க்காரிதானே நான்? புத்தகத்தில் இருந்தது, எழுதினேன். டெல்லியிலும் யாருக்கும் தோன்றவில்லை. அவர்களாவது இந்த ஊரைப் பார்த்ததில்லை.

ஆனால் ஒன்று. தங்கம்மாளுக்கு ஆறியது. பிசைவதற்கு முன்னால், முதல் மாதத்தில், பாதிப் பேருக்கு ஆறியிருக்கிறது. மருந்து வேலை செய்கிறது. எனக்குத் தெரியும். ஒரு மாதத்து அளவை வைத்து அதை நிரூபிக்க முடியாது, வேறு ஒன்றும் என்னிடம் இல்லை.

2009 மார்ச் 2

சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார். பிறகு, சரியாக ஆறாத பதினெட்டுப் பேரை மருந்துப் பட்டியலிலிருந்து எடுத்துவிடு என்றார். ஒழுங்காகப் போடவில்லை என்று காரணம் எழுதிக்கொள்ளலாம், வித்தியாசம் வந்துவிடும், எல்லோரும் செய்வதுதான்.

முடியாது என்றேன். எல்லோருமேதான் கலந்துவிட்டார்கள், யாரை எடுப்பது? நடந்ததை நடந்தபடி எழுதுவோம், புதிதாக ஒன்று கேட்போம், கொட்டகைக்குக் கொட்டகை பிரித்தால் போதும், ஒரு கொட்டகை முழுவதற்கும் மருந்து, இன்னொன்று முழுவதற்கும் மெழுகு, அப்போது கலந்தாலும் ஒன்றும் ஆகாது என்று மூச்சு விடாமல் சொன்னேன். மெழுகு வரும் கொட்டகைக்கு ஆய்வு முடிந்த மறுநாளே மருந்து கொடுத்துவிட வேண்டும் என்றும் சொன்னேன்.

"நல்ல ஐடியாதான். எழுதிக் குடு" என்றார். பிறகு, "ஆனா தோத்துப்போன ரிசல்ட்ட கையில வச்சிகிட்டு ஒனக்கு நான் யார்கிட்டப் போயி போஸ்ட் கேக்கறது, நீயே சொல்லு" என்றார்.

சேரன் சொன்னது இன்னும் மோசம். பதினெட்டுப் பெயரை அடித்திருந்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியும், விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தேன்.

2009 ஏப்ரல் 20

புதுத் திட்டம், இருபது கொட்டகைகள். முப்பத்தைந்து பக்கம். பிரிண்ட் எடுத்து சார் மேஜையில் வைத்தேன். குருத்தோலை ஞாயிறு, ஈஸ்டர் எதற்கும் கோயிலுக்குப் போகவில்லை.

2009 மே 5

ஒரு நாள் வீடு. நாளை போகலாம்.

2009 மே 5

போனேன். புது ஒப்பந்தம் இல்லை. பணம் முடியப்போகிறதாம். டிராயரைக் காலி செய்தேன். களிம்பு ஃப்ரிட்ஜில் இருக்கிறது, அது கல்லூரிச் சொத்து.

2009 அக்டோபர் 8

இளம் விஞ்ஞானிகளுக்கான உதவித்தொகை. வயது முப்பத்தைந்துக்குள். எனக்கு முப்பத்தாறு முடிந்துவிட்டது. முப்பத்தைந்து வயதில் நான் அடுத்தவர் பெயரில் விஞ்ஞானியாக இருந்தேன்.

2010 ஜனவரி 18

மஞ்சக்குப்பத்தில் ஒரு தனியார் ரத்தப் பரிசோதனை லேபில் சேர்ந்தேன். சர்க்கரை, கொழுப்பு, யூரியா. ரிப்போர்ட்டின் அடியில் என் கையெழுத்து இருக்கிறது. யாரும் அதைப் படிப்பதில்லை.

2010 ஆகஸ்ட் 16, திங்கள்

சனிக்கிழமை பேப்பரில், மாவட்டப் பக்கத்தில், சின்னச் செய்தி. முந்திரித் தொழிலாளர்களின் கைப்புண்ணுக்குப் புதிய ஆய்வு, இருபது கொட்டகைகள், டெல்லி நிதி. தலைமை ஆய்வாளர் டாக்டர் இளவரசு. ராஜாமணி சாரிடம் எம்.டி. படித்த பையன், போன வருடம்தான் நிரந்தர வேலையில் சேர்ந்தான்.

இருபது கொட்டகைகள். எண்ணைக்கூட மாற்றவில்லை.

இன்று லேபுக்கு லீவு சொல்லிவிட்டு ரயிலில் போனேன். பாதை இப்போது நன்றாக இருக்கிறது, நான் தினம் போய்வந்த வருடங்களில்தான் அதைப் பெயர்த்துப் போட்டிருந்தார்கள். சார் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். அது எனக்கு இன்னும் கசந்தது.

"ஒன் பேரப் போடக்கூடாதுன்னு நான் நெனக்கலம்மா. பாரத்துல வேலை பாக்கற எடம்னு ஒரு கட்டம் இருக்கு. அதக் காலியா வச்சி அனுப்புனா படிக்காமயே திருப்பி அனுப்பிடுவாங்க."

"அந்தக் கட்டத்தக் காலி பண்ணதே நீங்கதான சார்?"

அவர் பியூனைக் கூப்பிட்டார். காபி வரவழைத்தார். ஆய்வறிக்கையின் கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்லும் இடத்தில் என் பெயர் வரும் என்றார். ஃபீல்டு சூப்பர்வைசர் வேலை ஒன்று இருக்கிறது, ஆறு மாத ஒப்பந்தம், இளவரசிடம் சொல்லட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். காபியைக் குடித்துவிட்டுத்தான் வந்தேன், அது ஏன் என்று இப்போது வரை புரியவில்லை. மூஞ்சில ஊத்திட்டு வந்திருக்கணும். எனக்கு அதெல்லாம் வராது.

2011 மார்ச் 7

ஆய்வு இன்னும் தொடங்கவில்லையாம். வாட்ச்மேனைப் பஸ்ஸ்டாண்டில் பார்த்தேன், அவர் சொன்னார். சந்தோஷமாக இருந்தது. கையே வெந்துபோகிற பெண்களை நினைத்து உடனே வெட்கமாகவும் இருந்தது. நான் எப்படிப்பட்ட ஆளாகிக்கொண்டிருக்கிறேன்?

2012 ஜனவரி 4

புயலுக்கு ஐந்து நாள் கழித்து இன்றுதான் ரத்தினம்மாளிடம் பேச முடிந்தது. பண்ருட்டிப் பக்கம் ஒரு முந்திரி மரம்கூட நிற்கவில்லை என்றாள். கொட்டகையின் கூரையும் போய்விட்டது. இனி எதை உடைப்பது என்று கேட்டேன். ஆப்பிரிக்காக் கொட்டை மூட்டை மூட்டையாக வரும், முதலாளி சொல்லிவிட்டார் என்றாள். கைக்கு மட்டும் ஓய்வில்லை.

2012 செப்டம்பர் 22, சனி

ரத்தினம்மாள் நேற்று போன் செய்து கூப்பிட்டாள். கொட்டகைக்கு மருந்து கொடுக்க ஆள் வந்திருக்கிறார்கள், காகிதத்தில் கைநாட்டு வைக்கச் சொல்கிறார்கள், நீ வந்து படித்துப் பார்த்துச் சொன்னால்தான் வைப்பேன் என்றாள். போகக்கூடாது என்றுதான் நினைத்தேன். போய்விட்டேன்.

சந்திரலேகா என்று ஒரு பெண், ஃபீல்டு சூப்பர்வைசர். முப்பது வயது இருக்கும். நல்ல மாதிரி, பொறுமையாகப் பேசினாள். நான் யாரென்று அவளுக்குத் தெரியவில்லை, நானும் சொல்லவில்லை. ஒப்புதல் படிவத்தைக் கொடுத்தாள். நான்கு பக்கம். தமிழ் வாக்கியங்கள் அத்தனையும் 2009இல் நான் எழுதியவை. "உங்கள் கொட்டகை முழுவதற்கும் ஒரே களிம்பு கொடுக்கப்படும்." ஒரு காற்புள்ளிகூட மாறவில்லை. மெழுகு வரும் கொட்டகைக்கு முடிந்த மறுநாளே மருந்து என்கிற வரியும் இருந்தது. அதை எடுத்துவிட்டிருப்பார்கள் என்று பயந்துகொண்டே தேடினேன்.

ரத்தினம்மாள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இது ஒன் மருந்துதான?" என்றாள். ஆமாம் என்றேன். "நல்லதுதான? வக்கட்டுமா?"

வையுங்கள் என்றேன். அதைச் சொல்ல எனக்கு நேரமே ஆகவில்லை, அதுதான் ஆச்சரியம்.

மையில் தோய்த்துப் பெருவிரலை வைத்தாள். ரேகை விழவில்லை. எண்ணெய் தின்ற விரலில் ரேகை எங்கே இருக்கிறது? கறுப்பாக ஒரு வட்டம் மட்டும். பரவாயில்லை, படிக்கத் தெரியாதவர்களுக்குப் பக்கத்தில் ஒரு சாட்சி போட்டால் போதும் என்றாள் சந்திரலேகா. வெளி ஆளாக இருக்க வேண்டுமாம், நீங்களே போட்டுவிடுங்கள் மேடம் என்று பேனாவை நீட்டினாள்.

தலைமை ஆய்வாளர் என்ற இடத்தில் டாக்டர் இளவரசின் பெயர் அச்சில் இருந்தது. அதற்குக் கீழே டாக்டர் ராஜாமணி. அதற்கும் கீழே ஒரு கோடு, கோட்டுக்கு அடியில் சின்ன எழுத்தில்: "இந்த ஆய்வுடன் எவ்விதத் தொடர்பும் இல்லாத சாட்சி."

அதுவும் நான் எழுதிய வரிதான்.

கோட்டின் மேல் கையெழுத்துப் போட்டு, பிரிசில்லா என்று முழுப்பெயரையும் எழுதினேன். பதினாறு பேருக்கும் நானே போட்டேன்.