மணலில் ஊன்றிய குடை

என் அருமை சேஷு,

நீ போன பிறகு உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. ஆற அமர எழுதவில்லை. அடையாற்று முகத்துவாரத்தில், குப்பத்துக்காரர்கள் போட்டுக் கொடுத்த ஓலைக் கொட்டகையில் ஒண்டிக்கொண்டு, ஆபீஸ் காகிதத்தின் பின்புறத்தில் பென்சிலால் கிறுக்குகிறேன். உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. எழுதினாலாவது கைக்கு ஒரு வேலை இருக்குமே என்றுதான்.

புயல் கரை ஏறிப் போயும் மழை விடவில்லை. ஆறு கரையை மீறிவிட்டது. கோட்டூர்ப் பக்கத்துக் குடிசைகளில் இடுப்பளவு தண்ணீர். நம் மாம்பலத்து ஏரியைத் தூர்த்து வீடு கட்டினார்களே, அந்தத் தியாகராய நகரில் பெரிய மனிதர்கள் கட்டில்மேல் குந்தியிருக்கிறார்களாம். நீ இருந்தால் சிரித்திருப்பாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் உன் பொறுப்பு இப்போது என் தலையில். ஆறு கடலில் சேரும் இடத்தை மணல்மேடு அடைத்துக் கிடக்கிறது. அதை வெட்டித் தண்ணீரைக் கடலுக்கு விட வேண்டும். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவன் என்று என்னைக் கேலி செய்வாயே, அவனிடம் போய் மராமத்து இலாகா இந்த வேலையைக் கொடுத்திருக்கிறது.

கால்வாய் தோண்டியாகிவிட்டது. கடலோரமாக ஒரு வரப்பு மட்டும் மிச்சம். கடல் ஏறியிருக்கும்போது அதை உடைத்தால் அலை மணலை வாரிவந்து மறுபடி மூடிவிடும். கடல் வற்றும் நேரத்தில் உடைத்தால்தான் ஆறு பிய்த்துக்கொண்டு ஓடும். அலை எட்டுகிற இடத்தில் உன் குடையை ஊன்றிவிட்டு, அலை அதன் அடியைத் தொடாமல் பின்வாங்குகிறவரை ஒருவனையும் வரப்பைத் தொட விடமாட்டாய். ஊரே சுற்றி நின்று வைதாலும் தயிர்சாதப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருப்பாய். எப்படியடா முடிந்தது உன்னால்?

இன்று காலை மேலதிகாரி மோட்டாரில் வந்தார். ஆற்றங்கரைப் பங்களாக்காரர்கள் அவரைத் துளைத்தெடுத்திருக்கிறார்கள். உடனே வெட்டு என்றார். கடல் வற்றட்டும் என்றேன். என்ன நேர்ந்தாலும் பொறுப்பு உன்னுடையது என்று சொல்லிவிட்டு, செருப்பில் ஒட்டிய சேற்றை உதறிக்கொண்டு போய்விட்டார். அவர் போன பிறகு குடிசை ஜனங்கள் வந்தார்கள். இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி, எங்கள் வீடு மிதக்கிறது, நீ கடலை வேடிக்கை பார்க்கிறாய் என்று கேட்டாள். பதறிய காரியம் சிதறும் என்று அவளிடம் சொல்ல முடியுமா?

உன்னிடம் மறைப்பானேன். அதிகாரி சொன்னதைக் கேட்டுவிடலாமா என்று எனக்கும் சபலம் தட்டுகிறது. இப்போது உடைத்தால் தண்ணீர் ஓடாது, குடிசைகளில் வெள்ளம் வடியாது, ஆனால் யாரும் சாகவும் மாட்டார்கள். உத்தரவுப்படி செய்தேன் என்று வீட்டுக்குப் போய்விடலாம். கடல் வற்றும்போது உடைத்தால் என்ன ஆகும் என்று நான் கண்ணால் பார்த்தவன். நீ உடைத்த அன்று ஆறு இரண்டு பக்கமும் மணலைத் தின்றுகொண்டு பாய்ந்தது. கால்வாய்க்குள் மாட்டிக்கொண்ட குப்பத்து அந்தோணியை நீ இறங்கித் தோள்கொடுத்து மேலே தள்ளினாய். கரை சரிந்தது. அவ்வளவுதான், உன்னைக் கடல் கொண்டுபோய்விட்டது. குடை மட்டும் ஊன்றிய இடத்தில் அப்படியே நின்றது. அதைப் பிடுங்கிக்கொண்டு மயிலாப்பூருக்கு நடந்தவன் நான். வாசலில் நின்ற என் தங்கை, உன் ருக்கு, என் முகத்தைப் பார்க்கவில்லை, குடையைத்தான் பார்த்தாள்.

இன்று புறப்படும்போது ருக்குவே அந்தக் குடையைப் பரணிலிருந்து எடுத்துவந்து நீட்டினாள். நீ போனதிலிருந்து அதை யாரும் விரித்ததில்லை. நான் வாங்கத் தயங்கினேன்.

“எடுத்துண்டு போ வைத்தி அண்ணா. அவர் பண்ணினது சரியான காரியம்தான், அதை நீ அரைகுறையாப் பண்ணாதே,” என்றாள். நான் படி இறங்கிய பிறகு, “ஆனா குடையை நீயே கொண்டுவந்து குடு,” என்றாள்.

அவளுக்கு எப்படியடா தெரிந்தது என் சபலம்?

அந்தோணி இன்றும் வந்திருக்கிறான். கட்டுமரத்துக் கயிறுகளை எல்லாம் அவிழ்த்துக்கொண்டு வந்து, வெட்டுகிறவர்கள் ஒவ்வொருவர் இடுப்பிலும் கட்டி, மறுமுனையை மேட்டில் நிற்கிற ஆட்களிடம் கொடுத்திருக்கிறான். இந்த யோசனை நமக்கு அன்றைக்கே வந்திருக்கக் கூடாதா? கடைசியாக மிஞ்சிய கயிற்றோடு என்னிடம் வந்தான். நான் மேலே நிற்பவன்தானே, எனக்கு எதற்கு என்றேன்.

“அந்த சாமியும் மேலதான் நின்னுக்கினு இருந்தாரு. அவரு இடுப்புல கவுறு இருந்திருந்தா நான் இஸ்துக்கினு வந்திருப்பேன். கட்டிக்க சாமி,” என்றான்.

கட்டிக்கொண்டேன். முடிச்சை அவனே போட்டான். மறுமுனையை வேறு யாரிடமும் கொடுக்காமல் தன் கையிலேயே சுற்றிக்கொண்டிருக்கிறான்.

பயமாக இருக்கிறது சேஷு. உனக்கும் பயம் இருந்ததா? தயிர்சாதம் சாப்பிட்டாயே, அது பசியா, இல்லை இப்போது நான் எழுதுகிற மாதிரி அதுவும் கைக்கு ஒரு வேலையா? இத்தனை நாள் எனக்கு இது தோன்றவேயில்லை.

தலை நிமிர்ந்து பார்க்கிறேன். இப்போது வந்த அலை நான் ஊன்றிவைத்த குடையைத் தொடவில்லை. அதற்கு முன்னால் வந்ததும் தொடவில்லை. அந்தோணியும் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்புகிறான்.

ஒரு வாக்குக் கொடுத்துவிட்டு எழுந்திருக்கிறேன். வரப்பு உடைந்ததும் எல்லாரும் கரை ஏறின பிறகுதான் நான் நகர்வேன். அதில் உனக்குக் குறைந்தவன் இல்லை நான். ஆனால் நகர்வேன். இந்தக் குடையைப் பிடுங்கிக்கொண்டு மயிலாப்பூருக்கு நடந்து போய் ருக்குவின் கையில் நானே கொடுப்பேன். அவள் வாசலுக்கு இன்னொரு தரம் குடை மட்டும் வராது.

இடுப்பில் கயிற்றோடு,
உன் ருக்குவின் அண்ணன்
வைத்தி