ஹாம்ஸ்டரைப் புதைக்க வேண்டாம்

ஏனுங்க,

பின்பக்கம் கேரட் பாத்தியில் இருக்கிற குழியை நான்தான் வெட்டினேன். மூடிவிடுங்க. நிவேதாவின் ஹாம்ஸ்டர் எலி சாகவில்லையாம்.

காலையில் அது சுருண்டு, ஐஸ் மாதிரி விறைத்துக் கிடந்தது. நிவேதாவிடம் "தூங்குது சாமி" என்று பொய் சொல்லிப் பள்ளிக்கூடம் அனுப்பினேன். குழியில் வைக்கும்போது மீசை அசைந்த மாதிரி இருந்தது. காற்றுதான் அசைத்ததோ, தெரியவில்லை. கோயமுத்தூர்க் கடைக்குப் போன் போட்டேன். "குளிர் அதிகமானா அப்படித்தானுங்க மயங்கித் தூங்கும். வாங்கறப்பவே உங்க ஊட்டுக்காரருகிட்ட சொன்னனுங்களே" என்கிறார். அப்படியென்றால் நான் பிள்ளையிடம் சொன்னது பொய்யா, உண்மையா?

இப்போது அது உங்கள் குரங்குக் குல்லாவுக்குள் இருக்கிறது. பக்கத்தில் வெந்நீர் பாட்டிலைத் துணி சுற்றி வைத்திருக்கிறேன். ஆறினால் மாற்றுங்க. அடுப்பருகே கொண்டுபோகக் கூடாதாம், மெதுவாகத்தான் சூடு ஏற வேண்டுமாம். நாலரைக்கு நிவேதா வரும்வரை எழவில்லையென்றால், இன்னும் தூங்குகிறது என்றே சொல்லுங்க.

ரசம் இருக்கிறது. அப்பளம் பொரித்துக்கொள்ளுங்க.

கடைக்காரர் சொன்னதை ஏன் என்னிடம் சொல்லவில்லை? இந்தக் குந்தா மலைக் குளிரில் இது எதற்கு என்று நான் கேட்டதற்குத்தானே சண்டை. மூன்று நாளாக நான் முகம் கொடுத்துப் பேசவில்லை, எப்படிச் சொல்வீங்க.

வாசுகி

மறந்துவிட்டேன்: தொட்டால் ஜில்லென்றுதான் இருக்கும். அதை வைத்து முடிவு கட்டிவிடாதீங்க.

ஃபேக்டரி ஷிஃப்ட் முடிந்து எட்டு மணிக்கு நானும் ஜில்லென்றுதான் வருவேன். நான் பேசாவிட்டால் நீங்களே ஆரம்பிங்க.