தெற்கு ஜன்னல்

அக்டோபர் 8, புதன்

காலையிலிருந்து தூறல். சோளக்காடு ஸ்டாப்பில் பஸ் இறங்கி, ஒரு டீ, அப்புறம் பைக். மலைமேல் அரியூர் நாடு போய்ச் சேர்வதற்குள் வரைபடச் சுருள் பாதி நனைந்துவிட்டது. துணை சுகாதார நிலையத்துக்குச் சுவர் முழுக்க எழுப்பியாயிற்று. சனிக்கிழமை கூரைத் தளம் கான்கிரீட்.

பார்க்க வேண்டியவை: ஜல்லி (மண் கலந்திருக்கிறது, திருப்பி அனுப்பு). ஒயர் பைப். பிரசவ அறை ஜன்னல் உயரம்.

ஜன்னலைப் பார்க்கப் போனவள் வாசலைக் காணாமல் நின்றேன். தெற்கே, பாதைக்கு நேராக நான் போட்டிருந்த வாசல் இருந்த இடத்தில் முழுச் சுவர். வாசல் கிழக்கே போய்விட்டது.

காண்ட்ராக்டர் முருகேசன் அலட்டிக்கொள்ளவே இல்லை. "ஊர்க்கவுண்டர் சொன்னாருங்க மேடம். தெக்கு வாசல் ஆகாதாமா. அகலம் நீங்க சொன்னதுதானுங்களே?"

அகலம் சரி. உள்ளே நுழைந்ததும் ஒரு திருப்பம் வருகிறதே! மலையில் இன்னும் மேலே இருக்கும் மேலூரிலிருந்து கர்ப்பிணிகளை டோலி கட்டித்தான் தூக்கி வருகிறார்கள். நீள மூங்கில், அதில் போர்வை, முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். அந்த மூங்கில் இந்தத் திருப்பத்தில் திரும்பாது. நான் கட்டடம் வரைந்ததே அந்த மூங்கிலை வைத்துத்தான். முருகேசனிடம் கத்திவிட்டேன்.

அக்டோபர் 9, வியாழன்

மழை. மேலூருக்கு ஏறி கவுண்டர் வீட்டுக்குப் போனேன். மரியாதையான மனிதர். சரியான பிடிவாதம்.

"ஏனுங்கம்மா, புள்ள பொறக்கற எடத்துக்கு எமன் தெசையிலயா வாசல் வெப்பாங்க? இந்த ஊர்ல ஒரு ஊட்டுக்காச்சும் தெக்கு வாசல் இருக்குதா, பாருங்க."

இல்லைதான். வரும்போதே பார்த்துக்கொண்டு வந்தேன்.

காபி கொண்டுவந்தது மருமகள் பவித்ரா. மாசமாக இருக்கிறாள். மாமனார் முன்னால் வாயே திறக்கவில்லை. வெளியே வழியனுப்ப வந்தவள் மெல்லச் சொன்னாள்: "அக்கா, போன தடவ என்னையத் தூக்கிட்டுப் போனப்ப எறக்கி எறக்கி வெச்சாங்க. கொழந்த தங்கலீங்க."

கையைப் பிடித்துக்கொண்டேன்.

தளம் போட்டுவிட்டால் அந்தச் சுவரில் யாரும் கை வைக்க விடமாட்டார்கள். நானும் விடப்போவதில்லை.

அக்டோபர் 10, வெள்ளி

கவுண்டரைக் கட்டடத்துக்கு வரவழைத்தேன். மூங்கில், போர்வை, தூக்க இரண்டு ஆட்கள், எல்லாம் தயார். "யாருங்க படுக்கறது?" என்றார் முருகேசன். நானேதான். "ஆளு கொஞ்சம் கனமுங்க" என்று பின்னால் தூக்கியவர் முணுமுணுத்தது எனக்கும் கேட்டது.

கிழக்கு வாசல் வழியாக நுழைந்தோம். திருப்பத்தில் மூங்கில் சுவரில் முட்டியது. பின்னுக்கு, முன்னுக்கு, சாய்த்து, தூக்கி. கடைசியில் என்னை ஈரத் தரையில் இறக்கிவைத்தார்கள். வலி எதுவும் இல்லாத எனக்கே அங்கே கிடக்கப் பயமாக இருந்தது.

"வாசல்லயே ஸ்ட்ரெச்சருக்கு மாத்திக்கலாமுங்க" என்றார் முருகேசன்.

"இருக்கறது ஒரே நர்ஸ். ரத்தம் போயிட்டிருக்கறவள மழையில யாருங்க மாத்துவா?" என்றேன்.

கவுண்டர் வெளியே போய், தெற்குச் சுவர் ஓரமாக நின்று, மேலூர்ப் பாதையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்து சொன்னார்:

"ஒடைச்சுருங்கம்மா. ஆனா வாசல்னு மட்டும் சொல்லாதீங்க. தெக்க ஜன்னல் வெச்சா தப்பில்லீங்க. தர வரைக்கும் ஜன்னல் வெச்சுக்கோங்க."

கிழக்கு வாசல் பூஜைக்கு அப்படியே இருக்கட்டும் என்றார். மதியமே கடப்பாரை விழுந்தது. தளம் அடுத்த வாரத்துக்குப் போய்விட்டதில் முருகேசனுக்கு உர்ரென்ற முகம். இருந்துவிட்டுப் போகட்டும்.

அக்டோபர் 11, சனி

நல்ல வெயில். புது ஜல்லி வந்தது, சுத்தம். திருத்திய படத்தை ஆபீசுக்கு அனுப்பினேன். தெற்குச் சுவரில் ஜன்னல், தரையிலிருந்து.

சாயங்காலம் அங்கிருந்து இன்ஜினீயர் போன். "மேடம், அவ்வளவு பெரிய ஜன்னல், கம்பி போட மறந்துட்டீங்க."

"மறக்கலீங்க. அது வழியாத்தான் பவித்ரா வரணும்."